வெட்டியெடுத்த பாட்டனார்

பெங்களூர்த் தண்டுப் பகுதியில் மூன்று நான்கு தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் கூடத்துச் சுவரில், மாலையிட்ட பாட்டனார் படம் ஒன்றைப் பலகாலும் காண்கிறோம். தலைப்பாகை, கழுத்துவரை பொத்தானிட்ட கோட்டு, நிமிர்ந்த பார்வை. மார்புக்குக் கீழே படம் இல்லை. ஏன் என்று வினவினால், "பழைய குரூப் போட்டோவிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது" என்பார்கள்.

கடை வாயிலில் பத்துப் பன்னிரண்டு சிப்பந்திகள் வரிசையாக நின்ற படம் அது. அவருள் ஒருவரை மட்டும் பிரித்தெடுத்து, அவருடைய வேட்டியையும் வெறுங்காலையும் அறுத்தெறிந்து, உடன் உழைத்தோரைக் குப்பையிற் சேர்த்துவிட்டு, எஞ்சியதற்கு மாலை சூட்டுகிறோம். இதற்குப் பெயர் முன்னோர் வழிபாடாம்!

வெட்டியது கத்தரிக்கோல் அன்று, வெட்கம். கோட்டுக்குக் கீழே வேட்டி தெரிந்தால், பாட்டனார் துரை அல்லர், கடையில் துணி அளந்தவர் என்பது வெளிப்பட்டுவிடுமே! கற்றறிந்த மற்றொரு சாராரோ, "வெள்ளையனைப் பார்த்து அரைகுறையாகப் புனைந்த வேடம்" என்று அவ்வுடையை எள்ளி நகையாடுகின்றனர். கால்சட்டை அணிந்துகொண்டு இதைச் சொல்வதுதான் வேடிக்கை.

பாரதியாரும் கோட்டும் தலைப்பாகையுமாகவே படத்தில் நிற்கிறார். அவரை வெள்ளையனுக்கு வால் பிடித்தவர் என்னும் நா எவருக்குண்டு? கப்பன் பூங்காவில் 1913இல் திறக்கப்பெற்ற திவான் சேஷாத்திரி ஐயர் சிலைக்கும் தலைப்பாகை உண்டு. திவான் தலையில் இருந்தால் மாண்பு, சிப்பந்தி தலையில் இருந்தால் கோமாளித்தனமோ?

வெறுங்காலைக் கண்டு வறுமை என்று முடிவு கட்டுவதும் பேதைமை. விரிப்பின்மேல் நிற்கையில் செருப்பைக் கழற்றுதல் நம் வழக்கம். வெள்ளை அதிகாரிமுன் நாட்டுச் செருப்பைக் கழற்றியே ஆகவேண்டும் என்ற இழிவும் அந்நாளில் இருந்தது. 1862இல் சூரத்து நீதிமன்றத்தில் மானேக்ஜி காவஸ்ஜி எண்டி என்னும் பார்சி அதற்கு இணங்க மறுத்தது வரலாறு.

இப்போது கணினியில் வண்ணமேற்றும் ஆசை வேறு பிடித்திருக்கிறது. அக்காலக் கண்ணாடித் தகடுகளுள் பெரும்பாலானவை சிவப்பை உணராதவை; சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளுப்பாகவும் பதிந்தன. படத்திற் கறுத்துக் காணும் தலைப்பாகை, தெருவில் குங்குமமாய்ச் சிவந்திருக்கலாம்.

இவையெல்லாம் உடையைப் பற்றியன. பேரிழப்பு வேறு. 1809இல் படைத்தண்டு அமைந்த நாள்தொட்டு அதனைச் சூழ்ந்து கடை வைத்தோரும், தைத்தோரும், சுமந்தோருமாகத் தமிழர் இங்கே வேரூன்றினர். 1881இல் மைசூர் மன்னரிடம் நாடு திரும்பியபோதும் தண்டு ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நின்று, 1947இல்தான் மைசூரோடு சேர்ந்தது. "நீங்கள் எப்போது வந்தீர்கள்?" என்று இன்றும் நம்மைக் கேட்பவர் உளர். அதற்கு விடை அப்படத்திலேயே இருந்தது: கடையின் பெயர்ப்பலகை, பின்னே தெரிந்த தெரு, அட்டையின் அடியில் படம்பிடித்த நிலையத்தின் முத்திரை. மூன்றையும் நாமே வெட்டினோம்.

வெட்டாத படம் எங்கேனும் பரணில் எஞ்சியிருந்தால், வீட்டு மூதாட்டியின் கையிற் கொடுத்து, நிற்பவர் பெயர்களை அவர் சொல்லச்சொல்லப் பின்புறத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். மை வேண்டா, ஊறி முகத்தைக் கெடுக்கும். பாட்டனாரின் வலப்பக்கம் தோளுரசி நின்றாரே, அவர் யார்? அவருடைய பேரன் ஒருவேளை அடுத்த தெருவிலேயே, தம் பாட்டனாருக்குப் படமே எடுக்கப்படவில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.