நடுக்கம் எப்போது வருகிறது?

ஞாயிறு காலை. தேக்கா சந்தைக்குக் கிளம்ப வீவக கார்பார்க்கில் காரை ஸ்டார்ட் செய்கிறீர்கள். வண்டி உதறுகிறது, கப் ஹோல்டரில் கிடக்கும் சில்லறை கிலுகிலுக்கிறது. "பழைய வண்டி, அப்படித்தான்" என்று விட்டுவிடலாமா?

சிஓஇ என்னும் வாகன உரிமைச் சான்றிதழின் விலையைப் பார்த்து மலைத்துப்போய், 10 வருடம் முடிந்த காரின் சிஓஇயையே புதுப்பித்து ஓட்டும் குடும்பங்கள் நம்மில் எத்தனை! அந்தக் கார்களுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை உண்டுதான். ஆனால் வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்றுதான் அங்கே பார்ப்பார்கள். உதறலுக்குக் காரணம் தேடுவது அவர்கள் வேலையில்லை.

வொர்க்‌ஷாப் தேடிச் சின் மிங்குக்கோ காக்கி புக்கிட்டுக்கோ போகுமுன் ஒன்றைக் கவனியுங்கள். நடுக்கம் எப்போது வருகிறது? டிரைவில் பிரேக்கை மிதித்து நிற்கும்போது அதிர்ந்து, நியூட்ரலுக்கு மாற்றியதும் அடங்கினால் எஞ்சின் மவுண்டிங் ரப்பர் மீது சந்தேகப்படலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் உதறினால், ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று யோசிக்கலாம். பிளக், காயில், இன்ஜெக்டர், அழுக்கேறிய த்ராட்டில் என்று அதற்குக் காரணம் பல. "கொஞ்ச நேரம் ஓடினால் சரியாகிவிடும்" என்று நிறுத்திய இடத்திலேயே எஞ்சினை ஓடவிடாதீர்கள். அதற்குச் சிங்கப்பூரில் அபராதம் உண்டு!

செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை எடுக்கவே வேண்டாம். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். காயில் விலை எங்கே, கன்வெர்ட்டர் விலை எங்கே?

ஸ்கேனரில் பி0301 என்ற பிழைக் குறியீடு வந்தால் கோளாறு முதல் சிலிண்டரில். கெட்டிக்கார மெக்கானிக் உடனே புதுக் காயிலுக்கு ஆர்டர் கொடுக்க மாட்டார். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டி என்றால், முதலாவதைக் கழற்றி இரண்டாவதில் மாட்டுவார், இரண்டாவதை முதலாவதில். குறியீட்டை அழித்துவிட்டு எஞ்சினை ஓடவிடுவார். இப்போது பி0302 வந்தால் கோளாறு காயிலோடு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். நகரவில்லையா? பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். இதுவரை ஒரு பாகம்கூட வாங்கவில்லை, பாருங்கள்.

"எல்லாத்தையும் மாத்திடலாம்" என்கிறவரிடம், "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்க நமக்கு ஏன் கூச்சம்? தேக்காவில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குகிறோமா?

டீலரிடம் வாங்கிய பழைய கார் என்றால் இன்னொரு விஷயம். குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்பு தர 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த 'லெமன் சட்டம்' பழைய கார்களுக்கும் பொருந்தும். வாங்கிய 6 மாதத்துக்குள் தெரியவரும் கோளாறு, வண்டி கைக்கு வந்தபோதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. வயதானதால் வரும் சாதாரணத் தேய்மானம் இதில் சேராது. அதனால் வொர்க்‌ஷாப்பில் என்ன கோளாறு என்று எழுதி வாங்கிக்கொண்டு, முதலில் டீலரிடமே போங்கள். அவர் கைவிரித்தால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே கொண்டுபோகலாம்.