உள்ளே என்ன இருக்கிறது?

பார்சல் ஆபீஸில் பெட்டியை வாங்குகிறவன் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உள்ளே என்ன?" எந்தப் பதிலைச் சொன்னாலும் எழுதிக்கொள்கிறான். அந்தப் பதிலைப் பொய்யாக எழுதிக் கொடுக்கும்படி என்னிடமே ஒருவன் வந்து நின்றான்.

ஆலங்குடிப் பக்கத்தில் என் உறவினர் ஒருவர் காலமானார். கடலைக் காட்டில் பன்றி விரட்ட லைசென்ஸ் பெற்று வைத்திருந்த பழைய துப்பாக்கி ஒன்று வீட்டுப் பரணில் கிடந்தது. குழலின் வாய்வழியே மருந்திட்டுக் கிட்டிக்கிற ஜாதி. மகனுக்குக் கோயமுத்தூரில் வேலை. "அப்பா ஞாபகமா சுவத்துல மாட்டணும் மாமா. பஸ்ஸுல பார்சல் போட்டுடுறேன். பம்புசெட்டு சாமான்னு நீங்க எழுதிக் குடுங்க. பொய் எழுதித்தானே நீங்க பேர் வாங்கினீங்க?" என்றான்.

மறுத்துவிட்டேன். "கட்டில் வருது, மருந்து மாத்திரை வருது, இந்த ஓட்டைத் துப்பாக்கி மட்டும் வரக்கூடாதா?" என்று கேட்டான். படித்தவர்கள் பலருக்கும் இதே அபிப்பிராயம்தான். எனக்கு இல்லை.

1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் லைசென்ஸை மனிதனுக்குத்தான் கொடுக்கிறது. அவன் போனால் அதுவும் போயிற்று. அந்தச் சட்டம் ஒன்றும் கல்நெஞ்சுக்காரச் சட்டமில்லை. ரிப்பேருக்கோ லைசென்ஸ் புதுப்பிக்கவோ, உரிமையாளர் கைப்பட எழுதிக் கொடுத்தால் வேறொருவர் துப்பாக்கியைக் கொண்டுபோகலாம் என்கிறது. ஆனால் அங்கேயும் கொடுத்தவர் யார், கொண்டுபோகிறவர் யார் என்று தெரியும். பார்சலில் அது தெரியுமா? மூட்டை தூக்குகிறவர், டிரைவர், நடுராத்திரியில் சிங்காநல்லூரில் இறக்குகிறவர் என்று எத்தனை கைகள்! ஒருவருக்கும் தாம் எதைத் தூக்குகிறோம் என்று தெரியாது. பெட்டி தவறிப்போனால் கம்பெனி பணம் கொடுத்துக் கணக்கை முடித்துவிடும். துப்பாக்கி எங்கோ ஒரு வீட்டில் இருக்கும்.

அமெரிக்கர்கள் இதை விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். 1963 மார்ச்சில் ஆஸ்வால்டு என்பவன் பொய்ப் பெயரில் சிகாகோ கடைக்கு எழுதி, டல்லாஸ் தபால் பெட்டிக்கு ஒரு ரைபிளைத் தருவித்தான். விலையும் தபால் செலவும் சேர்த்து 21 டாலர் சொச்சம். நவம்பரில் ஜனாதிபதி கென்னடி அதற்குப் பலியானார். 1968-இல்தான் சட்டம் போட்டு அந்தத் தபால் வியாபாரத்தை அடக்கினார்கள். இன்று அங்கேயுள்ள பெரிய தனியார் பார்சல் கம்பெனிகள் சாதாரண ஆள் கொண்டுவரும் துப்பாக்கியைத் தொடுவதில்லை.

டல்லாஸ் வரை போவானேன்? நம் நார்த்தாமலைப் பக்கம், 2021 டிசம்பர் 30-ஆம் தேதி, அம்மாசத்திரம் சுடுதளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சீருடை அணிந்தவர்கள், பழகியவர்கள். அங்கிருந்து வந்த குண்டு, தாத்தா வீட்டில் இருந்த பதினொரு வயதுப் பையன் தலையில் பாய்ந்தது. சில நாளில் இறந்துபோனான். காவலும் கட்டுப்பாடும் உள்ள இடத்துக் கதையே இது. பஸ்ஸின் வயிற்றில், தக்காளிக் கூடைக்கும் சைக்கிளுக்கும் நடுவே ஒரு துப்பாக்கி போகலாம் என்றால், பரணில் கிடக்கும் கரிமருந்து டப்பாவும் கூடவே போகாதென்று யார் ஜாமீன் நிற்பது?

பார்சல்காரர்களையும் விடுவதற்கில்லை. தீபாவளிக்கு முந்திய வாரம் பட்டாசு எந்தெந்தப் பெயரில் பயணம் போகிறதென்று அவர்களுக்குத் தெரியாதா? ரசீதின் பின்புறம் எறும்பு எழுத்தில் தடைப்பட்டியல் அச்சடித்துவிட்டால் கடமை தீர்ந்ததாம்! சர்க்கார் மட்டும் என்ன? லைசென்ஸ்தாரர் இறந்தால் துப்பாக்கியைத் தாமதமின்றிப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு பிறகு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். இவ்வளவுதான் சங்கதி. இதைத் தமிழில் நாலு வரி எழுதி, எழவு வீட்டுக்காரர்கள் இறப்புச் சான்றிதழுக்கு வந்து நிற்கிற ஜன்னலில் ஒட்டினால் என்ன? ஸ்டேஷன் படியேறப் பயந்தவன்தான் பம்புசெட்டு என்று எழுதச் சொல்கிறான்.

கடைசியில் அவன் தங்கையும் நானும் சாக்கில் சுற்றி ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனோம். ரசீது அவளிடம் இருக்கிறது. அவன் இன்னும் என்னோடு பேசுவதில்லை.