ஒரு எழுத்துப்பிழைக்குப் பின்னால் யாருடைய இரவு?

கொழும்பில் எங்கேயாவது ஒரு விளம்பரப் பலகையில் தமிழ் பிழையாக இருந்தால் நாங்கள் என்ன செய்வோம்? பஸ் ஜன்னலால் படம் எடுப்போம். பேஸ்புக்கில் போடுவோம். "இதைப் பார்க்க ஒரு தமிழ் ஆள்கூட இல்லையா இந்தக் கொம்பனியில?" என்று எழுதுவோம். கீழே நிறையப் பேர் சிரிப்பார்கள். சிலர் 1956ஆம் ஆண்டுத் தனிச்சிங்களச் சட்டத்தில் இருந்து வரலாறு சொல்லத் தொடங்குவார்கள். கோபம் நியாயமானதுதான். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாச்சு. ஒரு சவர்க்கார விளம்பரத்தில்கூட அதை ஒழுங்காக எழுத முடியாதா என்று ஆருக்கும் எரிச்சல் வரும்.

நாங்களும் அப்படிப் படம் போட்ட ஆக்கள்தான். பிறகு எங்கட பற்ச்சில் மூன்று பேர், கலைப்பீடத்தில் படித்துக்கொண்டே, கொழும்பில் இரண்டு விளம்பர ஏஜென்சிகளில் ஆறு மாதம் இன்டர்னாக இருந்தோம். அந்த ஏஜென்சிகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் எல்லாரும் அந்த இரண்டையும் திட்டிப்போட்டு மற்றதுகளை மறந்துவிடுவீர்கள். வந்த பிறகு ஒன்று மட்டும் மாறியது. அந்தப் படங்களைப் பார்த்து எங்களால் சிரிக்க முடியவில்லை. "ஒரு தமிழ் ஆள்கூட இல்லையா?" என்ற கேள்விக்கு எங்களுக்குப் பதில் தெரியும். இருந்தார். இரவு பதினொன்றரைக்கு, தனியாக, ஓவர்டைம் இல்லாமல் இருந்தார்.

ஒரு விளம்பரம் எப்படி உருவாகிறது என்று முதலில் சொல்லுவம். வெள்ளிக்கிழமை பின்னேரம் கிளையன்டிடம் இருந்து பிரீஃப் வரும். திங்கள் காலை வேலை வேண்டும். கிரியேட்டிவ் ஆக்கள் ஆங்கிலத்தில் யோசிப்பினம். சிங்களக் கொப்பிரைட்டர் அந்தக் கூட்டத்தில் இருப்பார், தன்ர கருத்தைச் சொல்லுவார். கிளையன்ட் நாலைந்து தரம் மாத்தச் சொல்லுவார். எல்லாம் முடிந்து அப்ரூவல் வந்த பிறகுதான் ஆருக்காவது தமிழ் நினைவுக்கு வரும். அந்த வேலைக்கு அங்கே அடப்டேஷன் என்று பெயர். மொழிபெயர்ப்பு என்று சொன்னால் அதற்கு ஒரு விலை கேட்க வேண்டிவரும் போல.

அப்போதுதான் வட்ஸ்அப்பில் செய்தி வரும்: "நங்கி, சின்ன வேலை ஒண்டு. அஞ்சு நிமிசம்."

ஆங்கிலத்தில் நாலு சொல்லில் ஒரு சொல்விளையாட்டு. அது தமிழில் வராது. வேறு மாதிரி யோசித்து எழுதினால், "கிளையன்ட் அப்ரூவ் பண்ணினது இதை இல்லை" என்பார்கள். அப்படியே மாற்றினால் தமிழே இல்லாத ஒரு வசனம் வரும். அதுவும் நீளமாக வரும். "பெட்டிக்குள்ள அடங்கேல்ல, சின்னனாக்குங்கோ" என்பார்கள். சின்னனாக்கி அனுப்புவோம். டிசைனருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அது அவருடைய குற்றமும் இல்லை. நாங்கள் யூனிகோடில் அனுப்பும் வரியை அவர் தன் மென்பொருளில் ஒட்டும்போது, இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைப் போடாவிட்டால் கொம்பு ஒரு பக்கம் போகும், அரவு ஒரு பக்கம் போகும். அதைக் கண்டுபிடிக்க ஆராவது திரும்ப வாசிக்க வேண்டும். வாசிக்கக்கூடிய ஒரே ஆள் நாங்கள். அந்த ஆளுக்கு அது பதினாறாவது மணித்தியாலம். பிழை அங்கேதான் நுழைகிறது. இரண்டு நாள் கழித்து நீங்கள் அதைப் படம் எடுக்கிறீர்கள்.

எங்களில் ஒருவருக்குச் சம்பளமே இல்லை, "சேர்டிபிகேட் தருவம்" என்றார்கள். மற்ற இருவருக்கும் மாதம் 15,000 ரூபா. வெள்ளவத்தையில் போர்டிங் அறை வாடகை அதைவிடக் கூட. வீட்டில் இருந்து காசு எடுத்துத்தான் வேலைக்குப் போனோம். மட்டக்களப்பிலோ அட்டனிலோ இருந்து வருகிற, வீட்டில் கேட்க முடியாத ஒரு பிள்ளைக்கு இந்தக் கதவு முதலிலேயே பூட்டித்தான் கிடக்கிறது. "தமிழில திறமையான ஆக்கள் கிடைக்கிறேல்ல" என்று அந்த அலுவலகத்திலேயே ஒருவர் எங்களிடம் கவலைப்பட்டார். கிடைக்காததற்குக் காரணம் அவருடைய சம்பளப் பட்டியலில் இருந்தது.

இத்தனைக்கும் அங்கே ஆரும் கொடுமையான ஆக்கள் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் நாங்கள் பொய் சொல்லுகிறோம். எல்லாரும் அன்பாகத்தான் பழகினார்கள். நங்கி, மல்லி, அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். "நாங்க ஒரு ஃபமிலி" என்று முதல் நாளே சொன்னார்கள். இரவு வேலை என்றால் பீட்சா வரும். ஆருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் வரும். இதில்தான் பிரச்சினையே இருக்கிறது. "மல்லி" என்று தோளில் கை போடுகிறவரிடம் ஓவர்டைம் எவ்வளவு என்று கேட்க வாய் வருமா? கேட்டால் குடும்பத்தில் கணக்குப் பார்க்கிற ஆள் ஆகிவிடுவோம். எங்கட வீடுகளில் விடியக்காலை எழும்பிச் சமைக்கிற அம்மாவுக்கு ஆரும் சம்பளம் கொடுத்ததில்லை. குடும்பம் என்ற சொல்லை அலுவலகத்துக்குள் கொண்டுவருகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் இந்தக் குடும்பத்தில் ஒரு பெரிய கிளையன்ட் விலகினால், அடுத்த மாதமே இரண்டு மல்லிமார் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள்.

எங்கட பக்கமும் பிழை இருக்கு. இரவு ஒரு மணிக்கு அலுவலக மேசையில் பீட்சா பெட்டியோடு படம் எடுத்து ஸ்டோரி போட்டது நாங்கள்தான். கம்பஸில் இருந்த சிநேகிதர்கள் பொறாமைப்பட்டார்கள், எங்களுக்கும் அது பிடித்திருந்தது. நித்திரை இல்லாததைத் திறமையின் அடையாளமாகக் காட்டினோம். ஆறு மணிக்கு எழும்பி வீட்டுக்குப் போன ஒரு அக்காவை, அவருக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தும், "அரைநாள் லீவோ?" என்று மற்றவர்களோடு சேர்ந்து பகிடி பண்ணினோம். அவர் சிரித்துக்கொண்டு போனார். அவர் போனது சட்டப்படி வேலை முடிந்த நேரத்தில் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

இது கொழும்பில் மட்டும் நடக்கிறதும் இல்லை. ஜப்பானின் மிகப்பெரிய விளம்பர நிறுவனம் டென்சு. 1991இல் அங்கே வேலை செய்த 24 வயது இளைஞர் ஒருவர் மிதமிஞ்சிய வேலையால் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நிறுவனம் பொறுப்பு என்று 2000ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. 15 ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பர் 25ஆம் திகதி, அதே நிறுவனத்தில் மட்சுரி தகஹாஷி என்ற இளம்பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கும் 24 வயது. ஏப்ரலில்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அதற்கு முன்னைய வாரங்களில் ஒரே மாதத்தில் அவர் ஏறக்குறைய 105 மணித்தியாலம் மேலதிகமாக வேலை செய்திருந்ததைத் தொழிலாளர் அதிகாரிகள் ஏற்றுக்கொண்டார்கள். 2017இல் நீதிமன்றம் நிறுவனத்துக்கு விதித்த அபராதம் 5 லட்சம் யென். தலைவர் பதவி விலகினார். அலுவலகத்தில் இரவு பத்து மணிக்கு விளக்கை அணைக்கத் தொடங்கினார்கள்.

விளக்கை அணைத்தால் வேலை குறையாது. வேலை எவ்வளவு, ஆள் எத்தனை, எப்போது கொடுக்க வேண்டும் என்பதை மாற்றாமல் சுவிட்சை மட்டும் மாற்றினால், வேலை போனுக்குள் ஏறி வீட்டுக்கு வரும். எங்கட போர்டிங் அறைக்கு அது அப்படித்தான் வந்தது.

இனி எங்கட நாட்டுச் சட்டத்துக்கு வருவம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. எங்கட அம்மம்மா, அப்பம்மா காலத்துச் சட்டம். ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் வேலை. அதற்கு மேல் செய்தால் மணித்தியாலத்துக்கு ஒன்றரை மடங்கு சம்பளம். அந்த மேலதிக வேலையும் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. வேலைக்கு எடுத்தால் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி தன் பங்குக்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம். இதில் எங்கேயும் "கிரியேட்டிவ் ஆக்களுக்கு இது பொருந்தாது" என்று எழுதவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் நியமனக் கடிதம் தரவில்லை. "இன்டர்ன்தானே" என்று சொன்னார்கள். ஆனால் வேலை தரும்போது ஆரும் "இன்டர்ன்தானே" என்று குறைத்துத் தரவில்லை.

இதற்கு வழக்கமாக மூன்று பதில் வரும்.

ஒன்று, "இது கலை, மணிக்கூடு பார்த்துச் செய்யிற வேலை இல்லை." சரி. அப்படியென்றால் கிளையன்டுக்குப் பில் போடும்போது ஏன் கணக்குப் பார்க்கிறீர்கள்? கலைக்கு நேரம் இல்லை என்றால் கலைஞருக்கு நித்திரையும் இல்லையா? நல்ல வரி ஒன்று வர யோசிக்க நேரம் வேண்டும் என்பதை நாங்களும் ஏற்கிறோம். அந்த நேரத்தைத்தான் கேட்கிறோம். பத்தரைக்குத் தந்து பதினொன்றுக்குக் கேட்டால் அதில் எங்கே கலை?

இரண்டு, "நாங்களும் இப்படித்தான் வந்தனாங்கள்." இதை நாங்கள் வேறொரு இடத்திலும் கேட்டிருக்கிறோம். கம்பஸில் ராகிங் செய்த சீனியர்மார் சொன்னதும் இதைத்தான். தான் பட்ட அடியை அடுத்தவனுக்குக் கொடுக்கிறதைப் பயிற்சி என்று சொல்லுகிற பழக்கம் எங்கட சமூகத்தில் பழசு. அங்கே அதை எதிர்த்துக் கட்டுரை எழுதுகிற நாங்கள், இங்கே அதற்கு ஏன் பீட்சா படம் போட்டோம் என்று எங்களையே கேட்கிறோம்.

மூன்று, "ஏஜென்சி என்ன செய்யும், கிளையன்ட் அப்படி." இதில் உண்மை இருக்கிறது. ஒரு கொம்பனி நாலைந்து ஏஜென்சிகளை பிட்சுக்குக் கூப்பிடும். எல்லாரும் இரவிரவாக வேலை செய்து யோசனைகளைக் கொண்டுபோவார்கள். ஒருவருக்கு வேலை கிடைக்கும். மற்றவர்களின் இரவுகளுக்குப் பெரும்பாலும் ஆரும் காசு கொடுக்கிறதில்லை. ஏஜென்சி முதலாளி கிளையன்டிடம் "ஏலாது" என்று சொல்லப் பயப்படுகிறார். அந்தப் பயத்தின் செலவை மேலே இருந்து கீழே தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் நிற்கிறது ஒரு இன்டர்ன். தமிழ் வேலை என்றால் இன்னும் ஒரு படி கீழே. ஆனபடியால் கிளையன்டுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: உங்கள் பொருளைத் தமிழருக்கும் விற்க வேண்டும் என்றால், தமிழுக்கும் பிரீஃப் கொடுங்கள், நேரம் கொடுங்கள், காசு கொடுங்கள். பொங்கலுக்கு ஒரு கோலம் போட்டு வாழ்த்துச் சொல்லுவதைவிட அது எங்களுக்குப் பெரிய மரியாதை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம், எங்களுக்கு அடுத்த பற்ச் இன்டர்ன்ஷிப் தேடத் தொடங்கிவிட்டது. "அங்க போகலாமோ?" என்று கேட்கிறார்கள். போக வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த வேலை எங்களுக்குப் பிடித்திருந்தது. நல்ல தமிழில் ஒரு வரி எழுதி, அதை வீதியில் தெரியாத ஒருவர் நின்று வாசிப்பதைப் பார்க்கிற சந்தோசம் வேறு எங்கேயும் கிடைக்காது. போங்கோ. ஆனால் முதல் நாளே கடிதம் கேளுங்கோ. எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ. தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் உங்களோடு இருக்கிற சிங்கள இன்டர்னையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கோ, அவருக்கும் அதே இரவுதான். அதற்கும் பதில் இல்லையென்றால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது, மாவட்டங்களிலும் அதன் அலுவலகங்கள் இருக்கின்றன. ஆறு மணிக்கு ஒரு அக்கா எழும்பினால், பகிடி பண்ணாமல் அவரோடு சேர்ந்து எழும்புங்கோ.

வாசிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிழையான தமிழைக் கண்டால் படம் எடுங்கோ, போடுங்கோ. அந்தக் கொம்பனியைக் கேள்வி கேளுங்கோ. ஆனால் "தமிழ் ஆள் இல்லையா?" என்று கேட்க வேண்டாம். "அந்தத் தமிழ் ஆளுக்கு எத்தனை மணிக்கு வேலை கொடுத்தீங்கள், எவ்வளவு கொடுத்தீங்கள்?" என்று கேளுங்கோ.