சிவப்புக் கோட்டின் சூடு

'மனிதன் இயற்கையை அழிக்கிறான்.' பள்ளிக்கூடச் சுவரிலிருந்து உலக மாநாட்டு மேடை வரைக்கும் இந்த ஒரே வாக்கியம்தான். கேட்கக் கேட்க நமக்கு ஒரு கேள்வி வருகிறது. எந்த மனிதன்? ராத்திரி முழுக்க ஏசி ஓடுகிற மாடி வீட்டு மனிதனா? அந்த வீட்டைக் கட்டச் சித்தாள் வேலை பார்த்துவிட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வந்து படுக்கிற மனுசியா? ரெண்டு பேரையும் 'மனிதன்' என்கிற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிற வேலையைத்தான் சுற்றுச்சூழல் பேசுகிறவர்களில் பலர் செய்துகொண்டு வருகிறார்கள்.

இதை நாம் கேட்டால், "காத்துக்கும் மரத்துக்கும்கூட சாதியா? உங்களுக்கு வேற பேச்சே கிடையாதா?" என்பார்கள். சரி, நாம் பேச வேண்டாம். அமெரிக்காவில் ஒரு விஞ்ஞானி பேசியிருக்கிறார். பெயர் கிறிஸ்டோபர் ஷெல். கறுப்பர். நகரங்களுக்குள் வாழ்கிற கொயோட் என்னும் ஓநாய் இனத்து விலங்கை ஆராய்கிறவர். 2020-இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நகரத்தில் எந்தத் தெருவில் மரம் நிற்கிறது, எங்கே பறவை வருகிறது, விலங்கு எந்த வழியாக நடமாடுகிறது, எந்தத் தெரு கொதிக்கிறது என்பதில் எல்லாம் நிறவெறிக்குப் பங்கு இருக்கிறது. அதைக் கணக்கில் எடுக்காத சூழலியல் பாதிச் சூழலியல்தான். கட்டுரையின் சாரம் இதுதான். பணக்காரத் தெருவில் செடிகொடி வகைகள் அதிகம் என்று சூழலியல்காரர்களுக்கு முன்பே தெரியும். அதற்கு 'ஆடம்பர விளைவு' என்று பெயரும் வைத்திருந்தார்கள். அந்தத் தெரு எப்படிப் பணக்காரத் தெரு ஆச்சு, பக்கத்துத் தெரு யாரால் மொட்டையாச்சு என்று கேட்பதுதான் ஷெல் வைக்கிற அடுத்த கேள்வி.

இதற்குப் பதில் ஒரு வரைபடத்தில் இருக்கிறது. பொருளாதார வீழ்ச்சியில் வீட்டுக் கடன் கட்ட முடியாமல் தவித்தவர்களுக்காக அமெரிக்க அரசு 1933-இல் ஒரு கடன் கழகத்தை ஆரம்பித்தது. அந்தக் கழகம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. எந்தத் தெருவை நம்பிக் கடன் கொடுக்கலாம், எதை நம்பக் கூடாது என்று காட்டுகிற வரைபடம். முதல் தரத்துக்குப் பச்சை, அடுத்தது நீலம், அப்புறம் மஞ்சள், கடைசித் தரத்துக்குச் சிவப்பு. கறுப்பர் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பில் விழுந்தன. பிழைக்க வந்த ஏழை வெள்ளையர் தெருக்கள் பலவும் அதில் சேர்ந்தன. மதிப்பீட்டுப் படிவத்தில் நீக்ரோ உண்டா, எத்தனை சதவீதம் என்று ஒரு கட்டம். யாருடைய 'ஊடுருவல்' நடக்கிறது என்று இன்னொரு கட்டம். மனுசன் குடிவருவதற்குப் பெயர் ஊடுருவல்! நமக்கு இது புரிய அகராதி தேவையில்லை.

அந்தக் கோடுதான் எல்லாத்தையும் ஆரம்பித்தது என்று சொன்னால் பொய். கோடு போடுவதற்கு முன்னாலேயே ஒதுக்கல் இருந்தது. கோடு அதற்கு அரசு முத்திரை குத்தியது. அதற்குப் பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதைதான். கடன் கிடைக்காத தெருவில் சொந்த வீடு இல்லை, சொந்த வீடு இல்லாத இடத்தில் தோட்டம் இல்லை, மரம் வைக்க ஆளும் இல்லை. நிலம் மலிவாகக் கிடந்ததால் தொழிற்சாலை வந்தது, குடியிருப்பைப் பிளந்துகொண்டு நெடுஞ்சாலை வந்தது. தாரும் கான்கிரீட்டும் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி கக்கும். மரமோ நிழல் தரும், இலை வழியாக நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கும். மரம் இல்லாத இடத்தில் பூச்சி குறையும், பூச்சியை நம்பியிருக்கிற பறவையும் குறையும். ஒரு சூழல் அமைப்பு இப்படித்தான் தெருவுக்குத் தெரு அறுந்துபோகிறது.

கணக்கும் வந்துவிட்டது. 2020-இல் ஜெரமி ஹாஃப்மன், விவேக் ஷாந்தாஸ், நிகோலஸ் பெண்டில்டன் மூவரும் 108 நகரப் பகுதிகளின் நிலப்பரப்பு வெப்பத்தைச் செயற்கைக்கோள் தரவுகளை வைத்துப் பார்த்தார்கள். 94 சதவீத இடங்களில் சிவப்புப் பகுதிதான் அதிகச் சூடு. நாடு முழுக்கச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் வித்தியாசம். சில ஊர்களில் 7 டிகிரி வரை போகிறது. 2021-இல் டெக்ஸ்டர் லாக் குழுவினர் 37 நகரப் பகுதிகளில் மர நிழலை அளந்தார்கள். பச்சைத் தெருக்களில் சுமார் 43 சதவீதம், சிவப்புத் தெருக்களில் சுமார் 23.

இத்தனைக்கும் வீட்டு வசதியில் நிறப் பாகுபாடு காட்டுவது 1968-லேயே சட்டப்படி குற்றமாகிவிட்டது. சட்டத்தை ஒரே நாளில் நிறைவேற்றிவிடலாம். ஆனால் ஐம்பது வருசமாக வைக்காத மரம், சட்டம் வந்த மறுநாள் நிழல் தராது.

2015-இல் பாரிசில் கூடிய நாடுகள் உலகச் சராசரி வெப்பத்தை 1.5 டிகிரிக்குமேல் கூடவிடாமல் தடுக்க முயற்சிப்போம் என்றன. அது காற்றின் உலகச் சராசரி, மேலே சொன்னது தரையின் சூடு. ரெண்டையும் நேராகக் கூட்டிக் கழிக்க முடியாதுதான். ஆனாலும் ஒன்று விளங்குகிறது. நாளைக்கு வரப்போகிற சூட்டைப் பற்றி உலகம் பேசுகிறபோது, ஒரே நகரத்தில் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் அதை நேற்றே வாங்கிக்கொண்டார்கள். 1995 ஜூலையில் சிகாகோவில் அடித்த வெப்ப அலையில் வழக்கத்தைவிட 739 பேர் அதிகமாகச் செத்தார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், ஏழைகள். அதில் கறுப்பர்களுடைய சாவு விகிதம் வெள்ளையர்களுடையதைவிட அதிகம். வெயில் எல்லார் மேலேயும்தான் அடித்தது. சாவு மட்டும் முகவரி பார்த்துப் போனது.

பறவைகள் கதை இன்னும் ஆழமானது. 2023-இல் டியேகோ எலிஸ்-சோட்டோவும் சக ஆய்வாளர்களும் 195 நகரங்களின் பறவைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். சிவப்புப் பகுதிகளில்தான் பதிவுகள் மிகவும் குறைவு. காலப்போக்கில் அந்த இடைவெளி குறையவில்லை, கூடியிருக்கிறது. பறவை இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. எண்ணிப் பார்க்க யாரும் போகவில்லை என்றுதான் அர்த்தம். பதிவில் இல்லாததற்குப் பாதுகாப்பு எங்கிருந்து வரும்? எண்ணப் போகிற கறுப்பன் கதையும் நமக்குத் தெரியும். 2020 மே மாதம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பறவை பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்டியன் கூப்பர், நாயைக் கட்டிப் பிடியுங்கள் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் சொன்னார். உடனே அந்தப் பெண், கறுப்பன் ஒருத்தன் மிரட்டுகிறான் என்று போலீசுக்குப் போன் போட்டார்.

நம்ம தோழர்கள் சிலர் கேட்கலாம்: "கூலி கிடைக்கல, நிலம் இல்ல, நாளுக்கொரு வன்கொடுமை. இதுல குருவி எண்ணுறதுதான் குறைச்சலா?" நியாயமான கேள்வி. ஆனால் 1927-இல் மகாடில் அம்பேத்கர் எதற்காகக் குளத்தில் இறங்கினார்? ஒரு நீர்நிலை யாருக்குச் சொந்தம் என்கிற கேள்விக்காக. தண்ணீரும் நிழலும் காற்றும் நமக்கு என்றைக்குமே வெறும் 'இயற்கை'யாக இருந்ததில்லை. அவை உரிமைகள். கறுப்புச் சிறுத்தைகளின் பெயரை 1972-இல் பம்பாய் தலித் சிறுத்தைகள் எடுத்துக்கொண்டபோது, கறுப்பர் தெருவும் நம் தெருவும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. இப்போது அவர்கள் விஞ்ஞானத்திலிருந்தும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இருக்கிறது.

இங்கே கடன் கழகம் வந்து வரைபடம் போட வேண்டியிருக்கவில்லை. பழைய வருவாய்க் கணக்கிலேயே ஊர் நத்தம் வேறு, சேரி நத்தம் வேறு. சென்னையில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடிசைகளிலிருந்து பிடுங்கப்பட்ட சனங்களைக் கொண்டுபோய்ப் போட்ட இடம் எது? அதே வெள்ளத்தில் தத்தளித்த, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கம். 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது, போகட்டும். சொல் போனால் சூடு போய்விடுமா? ஊர்த்தெருவில் நிற்கிற புளியமரமும் வேப்பமரமும் நம் தெருவில் ஏன் இல்லை என்ற கேள்வி போய்விடுமா?

அமெரிக்கச் சிவப்புத் தெருக்களுக்கு இன்று எண்கள் இருக்கின்றன. நம் தெருக்களுக்கு எங்கே இருக்கின்றன? யாராவது வந்து அளப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். கல்லூரித் தோழர்களே, வருகிற சித்திரையில் ஒரு வேலை செய்யுங்கள். ஒரே மாதிரி வெப்பமானிகள் ரெண்டு வாங்குங்கள். ஒன்று ஊர்த்தெருவில், ஒன்று நம் தெருவில். ஒரே நாள், ஒரே நேரம், ஒரே உயரம், நேர் வெயில் படாமல். மதியம் ஒரு தடவை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை, பத்து நாளைக்கு அளந்து எழுதுங்கள். ரெண்டு தெருவிலும் மரங்களை எண்ணுங்கள். காலையில் கால் மணி நேரம் நின்று மைனா, கரிச்சான், தவிட்டுக்குருவி, செம்போத்து என்று வந்ததை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத பறவையை நம் ஆயாக்களிடம் கேளுங்கள், சொல்வார்கள். ஊர்த்தெருவில் வெப்பமானியோடு நிற்கும்போது யார் வந்து என்ன கேட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். அதுவும் ஆய்வுதான்.

எழுதி இதழுக்கு அனுப்புங்கள். எண்களை அப்படியே அச்சிடுகிறோம்.