வெட்டவெளியில் ஒரு கொலை



போன மாதம் தம்புள்ளைக் குகைக் கோயிலுக்குப் போயிருந்தேன். புத்தர் சிலைகளின் இருட்டிலிருந்து வெளியே வந்தால், பாறையும் காற்றும் வானமும்தான். வடகிழக்கே காட்டுக்கு மேலே சிகிரியாக் குன்று தனியாக நிற்கிறது. அந்த நேரத்தில் மனதில் வந்தது ஐசக் அசிமோவின் ‘தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்’.

1954-இல் புத்தகமாக வந்த நாவல். அதில் பூமியின் மக்கள் கூரை மூடிய பிரம்மாண்ட நகரங்களில் அடைந்து வாழ்கிறார்கள். வெட்டவெளி என்றாலே நடுங்குவார்கள். நகரத்துக்கு வெளியே ஒரு விஞ்ஞானி கொலையாகிறார். மனிதன் அந்த வெளியைத் தனியே கடக்கமாட்டான். ரோபோவோ மனிதனைக் கொல்லாது. அப்படியென்றால் யார்? துப்பறிகிற எலைஜா பேலிக்குத் துணையாக வருவதும் மனித உருவில் ஒரு ரோபோதான். விடையை நான் சொல்லப்போவதில்லை, படித்துப் பாருங்கள்.

விஞ்ஞானக் கதையில் துப்பறிவது நடக்காத காரியம் என்று பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்பல் அசிமோவிடம் சொல்லியிருந்தார். கடைசிப் பக்கத்தில் புதுக் கருவி ஒன்றை எடுத்து நீட்டிவிட்டால் வாசகர் ஏமாந்துபோவாரே என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். அசிமோவ் செய்தது ஒன்றே: அந்த உலகத்தின் சட்டங்களை முதலிலேயே நம் கையில் தந்துவிட்டார்.

நம் சுஜாதாவும் இதை அறிந்தவர். 1980-களில் ஆனந்த விகடனில் வந்த ‘என் இனிய இயந்திரா’வில், பிள்ளை பெறக்கூட அரசு அனுமதி வேண்டிய 2021-ஐ நமக்குப் பழக்கிவிட்டுத்தான் கதாநாயகி நிலாவின் கணவனைக் காணாமல் போகச் செய்கிறார்.

சிகிரியாவுக்கும் ஒரு கொலை உண்டு. காசியப்பன் தந்தை தாதுசேனனைக் கொன்று அரசேறினான் என்கிறது சூளவம்சம். கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1979-இல் வெளியிட்ட ‘தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்’ நாவலில் அந்தக் கதையையும் இந்தக் குன்றையும் 22-ஆம் நூற்றாண்டுக்கே கொண்டுபோய்விட்டார். நம் ஊர்க் குன்று அத்தனை தூரம் போயிருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

இனி கதை எழுதுவது உங்கள் முறை. ஓட்டுநர் இல்லாத லொறிகள் தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் ஒரு காலம். விடியற்காலை நான்கு மணி. கோவா மூட்டைகளுக்கு நடுவே ஓர் உடல். அந்த லொறிக்கு எது தெரியும், எதை அது சொல்லாது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு கொலைகாரனை எங்கே வேண்டுமானாலும் ஒளித்து வையுங்கள். கையெழுத்துப் பிரதியாக வந்தாலும் கடைசி வரி வரை நானே படிப்பேன்.

அன்புடன்,
ஆசிரியர்