ஆயிரத்தில் ஒருவரைப் பார்த்துப் பழகிய கண்

“எம்பிபிஎஸ் மட்டும்தானா? மேல என்ன படிக்கிறாங்க?” கல்யாணப் பேச்சானாலும் சரி, கிளினிக் வைக்க இடம் தேடும்போதும் சரி, இளம் மருத்துவரை நோக்கி முதலில் வருகிற கேள்வி இது. கேட்பவரைக் குறை சொல்வதற்கில்லை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் தனித்தனி மேற்படிப்பு உண்டு. தெருமுனை டாக்டராக இருப்பதற்கும் ஒரு மேற்படிப்பு வேண்டும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. சிறப்பு மருத்துவர் ஆக முடியாமல் நின்றுவிட்டவர்தான் குடும்ப மருத்துவர் என்றே ஊர் நினைக்கிறது. மருத்துவக் கல்லூரிகளும் அப்படித்தான் நடந்துகொள்கின்றன.

ஆயிரம் பேர் கணக்கு

கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவர் தம் சகாக்களுடன் 1961இல் ஒரு கணக்கை வெளியிட்டார். ஒரு மாதத்தில் பெரியவர்கள் 1,000 பேரை எடுத்துக்கொண்டால், 750 பேருக்கு ஏதாவது உடல்நலக் குறை வருகிறது. 250 பேர் மருத்துவரிடம் போகிறார்கள். மருத்துவமனையில் சேர்பவர்கள் 9 பேர். பல்கலைக்கழக மருத்துவமனை வரை அனுப்பப்படுபவர் ஒரே ஒருவர்.

மாணவர்களுக்கு நாம் மருத்துவம் கற்றுக்கொடுப்பது அந்த ஒருவரின் படுக்கையருகில். பட்டம் வாங்கியபின் அவர்கள் முன் வந்து உட்காரப்போவதோ அந்த 250 பேர். பெரிய மருத்துவமனையின் தலைவலி பல வடிகட்டிகளைத் தாண்டி வந்தது. அங்கே மூளைக்கட்டியைச் சந்தேகிப்பது நியாயம். தெருமுனை கிளினிக்குக்கு வரும் தலைவலி பெரும்பாலும் தூக்கம் கெட்டதாலோ கண்ணாடி மாற்றாததாலோ வீட்டுக் கவலையாலோ வந்திருக்கும். எல்லாருக்கும் ஸ்கேன் எழுதுபவர் குடும்ப மருத்துவர் ஆக முடியாது. நூற்றில் ஒன்றாக வரும் ஆபத்தான தலைவலியைத் தவறவிடுபவரும் ஆக முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே நடக்கக் கற்பதுதான் பயிற்சி.

வாயு என்று வருபவர்

முதல் திறன், கேட்பது. பிரிட்டனில் 1975இல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாக வந்த வெளிநோயாளிகள் 80 பேரில் 66 பேருக்கு, பரிந்துரைக் கடிதத்தையும் நோயாளி சொன்னதையும் வைத்தே நோய் சரியாகக் கணிக்கப்பட்டிருந்தது. உடற்பரிசோதனை முடிவை மாற்றியது 7 பேரிடம். ஆய்வகச் சோதனை மாற்றியது இன்னொரு 7 பேரிடம். இந்தியாவிலோ, 2017இல் வந்த பன்னாட்டு ஒப்பீட்டின்படி, முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குத் தரும் நேரம் சுமார் இரண்டே நிமிடம்.

அந்த இரண்டு நிமிடத்தில் நோயாளி பாடப்புத்தக மொழியில் பேசுவதில்லை. “நெஞ்சுல வாயு அடைச்சுக்கிச்சு, சோடா குடிச்சும் கேக்கல” என்று வருகிற ஐம்பது வயது சர்க்கரை நோயாளிக்கு அது மாரடைப்பாக இருக்கலாம். “படபடன்னு வருது, கைகால் ஓய்ஞ்சு போகுது” என்பவருக்கு ரத்தசோகையா, சர்க்கரை இறங்கிவிட்டதா, மகன் வீட்டைவிட்டுப் போன துக்கமா? “வெள்ளைப்படுது, உடம்பு உருகுது” என்று ஒரு பெண் சொல்வதற்குப் பின்னால் தொற்று இருக்கலாம். யாரிடமும் சொல்ல முடியாத மனச்சோர்வும் இருக்கலாம். இந்தச் சொற்களின் அகராதி எந்தக் கல்லூரி நூலகத்திலும் கிடையாது. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காதால் பழக வேண்டியது.

காத்திருக்கவும் தெரிய வேண்டும்

இரண்டாவது திறன், காலத்தைக் கருவியாக்குவது. நோய் முழு உருவம் எடுப்பதற்கு முன்பே மருத்துவரிடம் வருகிறோம். காய்ச்சலின் முதல் நாளில் டெங்கும் சாதாரண வைரஸ் காய்ச்சலும் ஒன்றுபோலவே இருக்கும். டெங்கில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் தணிகிற நேரத்தில், மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வருகிறது. “காய்ச்சல் விட்டுருச்சு” என்று வீடே நிம்மதியாகும் நாளில்தான் கவனம் வேண்டும். அதனால் நல்ல மருத்துவர் மாத்திரையோடு ஓர் எச்சரிக்கையையும் கொடுத்தனுப்புவார்: கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, இதில் ஒன்று தெரிந்தாலும் இரவென்று பார்க்காமல் வாருங்கள்.

“இன்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை, வியாழக்கிழமை மறுபடியும் பார்க்கலாம்” என்று தயங்காமல் சொல்வதற்குத் துணிவு வேண்டும். தெரியாததை மறைக்க ஊசி போடுவது எளிது. ஊசி போடாவிட்டால் நோயாளி அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுவார் என்ற பயமும் பொய்யல்ல. எதற்காக ஊசி வேண்டாம் என்பதை அவர் ஏற்கும்படி சொல்வதையும் சேர்த்துத்தான் பயிற்சியில் கற்க வேண்டும்.

அறிவின் பரப்பும் சிறியதல்ல. பாம்பு கடித்தவரின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பது, இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை எழுதுவது, சர்க்கரை நோயாளியின் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பது, நான்கு டாக்டர்கள் எழுதிய மாத்திரைகளை ஒரே பையில் கொண்டுவரும் பாட்டிக்கு எதை நிறுத்தலாம் என்று முடிவெடுப்பது என நீளும் பட்டியல் அது.

ஒரே இடத்தில் இருப்பவர்

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது: தொடர்ச்சி. நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் போய்வந்தவர்களிடையே, ஓராண்டுப் பழக்கம் மட்டுமே உள்ளவர்களைவிட இறப்பு ஏறத்தாழக் கால்பங்கு குறைவாக இருந்தது. தொடர்ச்சி மட்டுமே இதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய அளவல்ல அது.

வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் பல பத்தாண்டுகள் மருத்துவம் பார்த்தவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். கேட்டு வந்தவர்களுக்கு மட்டுமின்றி, ஊரில் இருந்த பெரியவர்கள் எல்லாருக்கும் ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துவைத்தார். மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதியவரும் அவர்தான். வராதவர் யார் என்று தேடும் கண் குடும்ப மருத்துவருக்கு வேண்டும் என்பதே அவர் விட்டுச்சென்ற பாடம்.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது. பெரிய முயற்சி. அந்த மாத்திரை ஏன் பிரிக்கப்படாமல் கிடக்கிறது என்று கேட்க, அந்த வீட்டை அறிந்த மருத்துவர் ஒருவரும் வேண்டும்.

எங்கே கற்பது?

தேசிய சுகாதாரக் கொள்கை 2002லேயே குடும்ப மருத்துவம் பற்றிப் பேசியது. 2017 கொள்கையும் பேசியது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி குடும்ப மருத்துவத்தில் எம்டி படிப்பையே தொடங்கியது. டிஎன்பி என்ற மூன்றாண்டு மேற்படிப்பும் உண்டு. வேலூர் சிஎம்சி தொலைநிலைப் பட்டயமும் தருகிறது. இவை இன்னும் விதிவிலக்குகளாகவே இருக்கின்றன. பெரும்பாலான அரசு மருத்துவக் கல்லூரிகளில் குடும்ப மருத்துவத்துக்கு ஒரு துறையே கிடையாது.

பயிற்சி மருத்துவரை வார்டு வார்டாக மாற்றி அனுப்பினால் போதும் என்று நினைப்பதுதான் அடிப்படைப் பிழை. பயிற்சியின் பெரும்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிளினிக்கிலோ, மூத்த குடும்ப மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டும். ஒரே நோயாளிகளை ஓராண்டாவது தொடர்ந்து பார்க்க வாய்ப்பு வேண்டும். தேர்வில், நோயின் பெயரைக் கேட்பதோடு நோயாளியிடம் பேசும் முறைக்கும் மதிப்பெண் வேண்டும். படித்து வந்தவருக்கு அரசுப் பணியில் பதவியும் வேண்டும். இல்லாவிட்டால் யார் சேர்வார்கள்?

“மேல என்ன படிக்கிறாங்க?” என்ற கேள்வி நிற்கப்போவதில்லை; நிற்க வேண்டியதும் இல்லை. “குடும்ப மருத்துவம்” என்று பதில் வந்தால், கேட்டவர் அடுத்து, “கிளினிக் எந்தத் தெருவுல?” என்று விசாரிக்கும் நாள் வர வேண்டும்.