உப்பு ஏரிக்கு உகந்த காலம்

சூரமங்கலத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதுகிறார்: "என் மாமனாருக்கு வயது 68. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லடாக்கில் பனி மூடியதுபோல் உப்புப் பூத்த ஏரி இருக்கிறதாமே, அதைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார். குழந்தைகளின் மே மாத விடுமுறையில் அழைத்துப் போகலாமா?"

நல்ல ஆசைதான். ஆனால் மே மாதம் வேண்டாம், சகோதரி.

அவர் சொல்லும் ஏரியின் பெயர் சோ கார். 'வெள்ளை ஏரி' என்று பொருள். ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில் இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்து ஏற்காடு சுமார் 5,000 அடி. மூன்று ஏற்காட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள்! அருகிலேயே ஸ்டார்ட்சபுக் சோ என்ற நல்ல தண்ணீர் ஏரியும் உண்டு. அதன் நீர் சோ காருக்குள் வடிகிறது. சோ காரிலிருந்து வெளியேறவோ வழியில்லை. வெயிலில் நீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் கரையில் தங்கிவிடுகிறது. முன்காலத்தில் சாங்பா இடையர்கள் இந்த உப்பை வாரிச் சென்று விற்றார்கள். அந்த வியாபாரம் இப்போது ஓய்ந்துவிட்டது. 2020-இல் இது 'ராம்சர்' ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

குளிர்காலத்தில் ஏரி உறைந்து கிடக்கும். மணாலியிலிருந்து வரும் பாதையைப் பனி மூடிவிடும்; மே மாதத்தில் அது திறந்தாலும் குளிர் விட்டிராது. ஜூன், ஜூலையில் கருங்கழுத்துக் கொக்கு குஞ்சு வளர்க்கும் அழகைக் காணலாம். தூரத்தில் நின்றே பார்க்க வேண்டும்; மிச்சச் சோற்றை எறியவே கூடாது. அதற்குக் கூடும் நாய்கள்தாம் கொக்கின் முட்டைக்கும் குஞ்சுக்கும் எமன். உப்பையே பார்க்க வேண்டுமானால் செப்டம்பர்தான் சிலாக்கியம். வானம் தெளிந்திருக்கும், கோடை வெயிலில் நீர் வற்றி, வெள்ளைக் கரை அகன்றிருக்கும். காலாண்டுப் பரீட்சை விடுமுறையும் அதை ஒட்டியே வருகிறது. கொலு வைக்க ஆள் வேண்டுமே என்கிறீர்களா? அதற்கு என்னிடம் பதில் இல்லை!

இனி முக்கியமான விஷயம். அந்த உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, நம் ஊரில் கிடைப்பதில் பாதிக்குச் சற்றுத்தான் அதிகம். விமானத்தில் லே நகரில் இறங்கிய மறுநாளே ஏரிக்குக் கிளம்புவது ஆபத்து. லே நகரே 11,500 அடி உயரம். அங்கே இரண்டு மூன்று நாள் ஓய்வெடுத்த பிறகே மேலே ஏற வேண்டும். தலைவலி, வாந்தி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு என்று கண்டால், "வந்தது வந்தோம், பார்த்துவிட்டுப் போவோம்" என்று நிற்காமல் உடனே கீழே இறங்கிவிடுங்கள். இருதய நோயோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் வாங்கக் கூடாது.

டாக்டர் வேண்டாம் என்றால் பெரியவர் மனம் உடைய வேண்டியதில்லை. குஜராத்தில் கட்ச் வளைகுடாவுக்கு வடக்கே 'வெள்ளை ரண்' இருக்கிறது. கண்ணுக்கெட்டிய வரை உப்பு. உயரமோ கடல்மட்டத்தை ஒட்டியதுதான். மழைக்காலத்தில் நீர் நிற்கும். அது வற்றிய பின், நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போகலாம். புஜ் வரை ரயிலிலேயே போகலாம். ரயில்வேக்காரருக்கு அதைவிட என்ன வேண்டும்? பௌர்ணமி இரவாகப் பார்த்துப் போனால், நிலவொளியில் அந்த வெண்மையைக் காணக் கண் கோடி வேண்டும்.

ஆகவே முதலில் டாக்டர், பிறகு காலண்டர், கடைசியில்தான் டிக்கெட்!